கடன் காப்பாற்றிய கோணல் வீடு

இங்கிலாந்தின் வடமேற்கில் செஷயர் என்று ஒரு மாவட்டம். அங்கே காங்கிள்டன் ஊருக்குத் தென்மேற்கே நாலரை மைல் போனால் அகழிக்கு நடுவே ஒரு மரவீடு நிற்கிறது. பெயர் லிட்டில் மோர்ட்டன் ஹால். இதன் படத்தை முதல்முறை பார்க்கிறவர்களுக்கு வருகிற சந்தேகம் ஒன்றுதான்: யாரோ போட்டோஷாப்பில் பிடித்து இழுத்து விட்டிருக்கிறார்களோ? இல்லைங்க, நேரில் போய்ப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது. கூரையின் முகடு ஒட்டக முதுகு மாதிரி ஏறி இறங்குகிறது. சன்னல் வரிசை ஒரு பக்கமாகத் தொங்குகிறது. மேல்மாடி கீழ்மாடியை விட வெளியே துருத்திக்கொண்டு, எப்போ வேணும்னாலும் தண்ணீருக்குள் குப்புற விழுந்துவிடும் போல இருக்கிறது. அந்த நிலையிலேயே 450 வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டது.

கட்டடப் பொறியியல் படிக்கிறவன் கண்ணுக்கு இது வீடாகத் தெரியாது, பரீட்சைக் கேள்வியாகத்தான் தெரியும். ஏன் இப்படிக் கோணிப்போச்சு? அதை ஒரு காகிதத்தில் நாலு அம்புக்குறி போட்டே விளக்கிவிடலாம். எனக்கு அதைவிட சுவாரசியமாகப் பட்டது வேறு கேள்வி. இவ்வளவு கோணலான வீட்டை, சொந்தக்காரர்கள் ஏன் இடித்துத் தள்ளிவிட்டு ஒழுங்காக ஒன்று கட்டிக்கொள்ளவில்லை? இங்கிலாந்தில் பணக்கார வீட்டுக்காரர்கள் எல்லாம் அதைத்தானே செய்தார்கள்?

பதில் மூன்றே எழுத்து: கடன். ஆனால் கடனுக்கு வருவதற்கு முன்னால் வீட்டைக் கட்டி முடிக்கணும்.

மோர்ட்டன்கள் அரசவைப் பிரபுக்கள் கிடையாது. நம்ம பாஷையில் சொன்னால் பெரிய மிராசுதார் குடும்பம். 1348-ல் பிளேக் நோய் இங்கிலாந்துக்குள் நுழைந்து ஊர் ஊராக ஆளைக் கொண்டுபோனபோது, உழ ஆளில்லாமல் நிலம் அடிமாட்டு விலைக்கு வந்தது. இவர்கள் வாங்கிப் போட்டார்கள். பிறகு எட்டாம் ஹென்றி 1536-லிருந்து 1540-க்குள் மடாலயங்களை எல்லாம் கலைத்துவிட, மடத்து நிலங்கள் சந்தைக்கு வந்தன. மறுபடியும் வாங்கினார்கள். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் இவர்களிடம் சுமார் 1,360 ஏக்கர் இருந்தது. கூடவே மாவு அரைக்கும் மில், பழத்தோட்டங்கள், தண்ணீர் விசையில் சம்மட்டி அடிக்கும் இரும்பு உலை. மற்றவர்களுக்கு விழுந்த இடியெல்லாம் இவர்களுக்கு மழையாக இறங்கியிருக்கிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கணக்கு நேராகும்.

வீட்டைச் சுற்றி 33 அடி அகல அகழி. அது வீட்டை விடப் பழசு. 13 அல்லது 14ஆம் நூற்றாண்டில், அதே இடத்தில் இருந்த வேறொரு கட்டடத்துக்காக வெட்டியதாகக் கணிக்கிறார்கள். எதிரிப் படைக்குப் பயந்து வெட்டியதற்கான தடயம் எதுவும் இல்லை. அகழி வைத்த வீடு என்றால் ஒரு பந்தா, அவ்வளவுதான். இன்னொரு உபயோகமும் இருந்தது. மாடிக் கக்கூஸ்களிலிருந்து எல்லாம் நேராக அதற்குள்தான் விழும். அகழி ஓரம் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் காதலர்கள் கவனிக்க :-)

சரி, மரச்சட்ட வீடு என்றால் என்ன? நம்மில் பலர் செங்கல் வீட்டிலோ கான்கிரீட் வீட்டிலோ வளர்ந்தவர்கள். செங்கல் வீட்டில் சுவர்தான் வீடு. கூரை சுவர் மேல் உட்காரும். இந்த மாதிரி மரவீட்டில் சுவருக்குப் பாரம் தாங்கும் வேலையே கிடையாது. எல்லாம் மரத்தின் தலையில். கீழே கல் வரிசை, ஈரம் ஏறாமல் இருக்க. அதன் மேல் படுக்கையாக ஒரு கட்டை. அதில் நட்ட கால்கள், கால்களின் தலையில் விட்டம், விட்டத்தின் மேல் கைமரங்கள், மூலைக்கு மூலை சாய்வாக முட்டுச் சட்டங்கள். பழைய ஓட்டு வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்திருந்தால் இந்த உறுப்புகள் பாதி தெரிந்தவைதான். அந்தக் கூரைக்கூடு அப்படியே தரை வரை இறங்கி வந்தது மாதிரி கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள்.

சட்டங்களுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகத் தெரிகிற கட்டங்கள் வெறும் திரைதான். மேல்சட்டத்தில் துளை, கீழ்ச்சட்டத்தில் காடி. இரண்டுக்கும் நடுவே ஓக் குச்சிகளை நிறுத்தி, ஊடே ஹேசல் மிலாறுகளைக் கூடை முடைவது போல முடைவார்கள். பிறகு களிமண்ணும் வைக்கோலும் சாணமும் மிதித்துக் குழைத்து இரண்டு பக்கமும் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசுவார்கள். ஆமாம், சாணம்தான். வெள்ளைக்காரத் துரை வீடும் நம்ம ஊர் மண்குடிசையும் சுவர் விஷயத்தில் பங்காளிகள்!

தச்சர்கள் எடுத்துக்கொண்ட மரம் பச்சை ஓக். காய்ந்த ஓக்கில் உளி இறங்காது, அவ்வளவு இறுகிவிடும். அதனால் வெட்டிய சூட்டோடு, ஈரம் இருக்கும்போதே செதுக்கிவிடுவார்கள். ஒரு சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, இன்னொரு சட்டத்தின் துளைக்குள் செருகி, இரண்டையும் சேர்த்து ஊடே ஓட்டை போட்டு மரமுளை அடிப்பது. இதில் ஒரு கில்லாடித்தனம் இருக்கிறது. கழுந்தில் போடும் ஓட்டையை வேண்டுமென்றே கொஞ்சூண்டு தள்ளிப் போடுவார்கள். முளையை அடிக்கும்போது அது லேசாக வளைந்து நுழைந்து, இரண்டு சட்டத்தையும் ஒன்றோடொன்று இழுத்துக் கவ்விக்கொள்ளும். சட்டகத்துக்கு இரும்பு ஆணியே தேவைப்படவில்லை.

இன்னொரு விஷயம். முழுச் சட்டகத்தையும் முதலில் பட்டறைத் தரையில் படுக்கப் போட்டுச் சேர்த்துப் பார்ப்பார்கள். சரியாக வந்தால் ஒவ்வொரு இணைப்பிலும் ரோமன் எண் கீறி, எல்லாவற்றையும் பிரித்து வண்டியில் ஏற்றி, மனைக்குக் கொண்டுபோய் எண் பார்த்துக் கோத்து நிமிர்த்துவார்கள். ஐகியா அலமாரிக்கு முப்பாட்டன்! ரோமன் எண்ணாகப் போட்டதற்குக் காரணம் பெரிய லத்தீன் ஞானமெல்லாம் இல்லை. உளியால் நேர்க்கோடு கீறுவது சுலபம், வளைவு கஷ்டம்.

(ஒரு சின்ன எச்சரிக்கை. இங்கே எந்தப் பழைய மரவீட்டுக்குப் போனாலும் "இதெல்லாம் உடைந்த போர்க்கப்பலின் மரம் தம்பி" என்று சொல்ல ஒருவர் தயாராக இருப்பார். சட்டத்தில் சம்பந்தமில்லாத இடத்தில் வெற்றுத் துளைகள் இருப்பதைக் காட்டுவார். பெரும்பாலும் அது இன்னொரு பழைய வீட்டிலிருந்து பிரித்து எடுத்துப் போட்ட சட்டமாக இருக்கும். பக்கத்திலேயே ஓக் காடு இருக்கும்போது கப்பலைத் தேடி எவன் துறைமுகத்துக்கு வண்டி கட்டுவான்?)

பச்சை மரத்தில் கட்டியதால் ஒரு விளைவு உண்டு. காயக் காய மரம் சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். இணைப்புகள் இன்னும் இறுகும், ஆனால் கட்டடம் அங்கே இங்கே லேசாக அசைந்து உட்காரும். ஆகவே கொஞ்சம் கோணல் என்பது எல்லா மரவீட்டுக்கும் பொது. லிட்டில் மோர்ட்டனின் கோணல் அந்த வகையில் சேராது. அதற்குத் தனிக் கதை.

முதல் விஷயம், இந்த வீட்டை யாரும் ஒரே மூச்சில் திட்டம் போட்டுக் கட்டவில்லை. 1504-லிருந்து 1508-க்குள் வில்லியம் மோர்ட்டன் வடக்குப் பக்கம் பெரிய கூடத்தைக் கட்டினார். அதை ஒட்டிக் கிழக்குப் பகுதி, அதில் பூஜைக்கு ஒரு சிற்றாலயமும் குடும்பத்தார் உட்கார ஓர் அறையும். 1546-ல் அவர் மகன், அவர் பெயரும் வில்லியம்தான், மேற்குப் பகுதியை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டார். 1559-ல் அதே மகன் பெரிய கூடத்துக்கு நடுவே ஒரு மாடித்தளம் போட்டு (அது பின்னாளில் நீக்கப்பட்டுவிட்டது), முற்றத்தைப் பார்த்து வெளியே பிதுங்கி நிற்கும் இரண்டு பெரிய சன்னல் கட்டுகளை வைத்தார். இரண்டும் எவ்வளவு நெருக்கம் என்றால், அவற்றின் கூரைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. ஒரே குடைக்குள் நுழையப் பார்க்கும் இரண்டு குண்டர்கள் மாதிரி.

அந்தச் சன்னல்களின் மேல் எழுத்துச் செதுக்கியிருக்கிறது. எல்லாவற்றிலும் எல்லாமாக இருப்பவர் கடவுள் என்று தொடங்கி, 1559-ல் இந்தச் சன்னல்களைச் செய்தவர் வில்லியம் மோர்ட்டன் என்று போட்டிருக்கிறது. காசு கொடுத்தவர் "நான் செய்தேன்" என்று பெயர் பொறிப்பது உலக வழக்கம், அதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் கூடவே இன்னொரு வரி இருக்கிறது: தச்சன் ரிச்சர்டு டேல் கடவுள் கிருபையால் இந்தச் சன்னல்களைச் செய்தான் என்று! அதில் தச்சன் என்பதற்கான ஆங்கில வார்த்தையே தப்பும் தவறுமாக விழுந்திருக்கிறது. இந்த மொத்த வீட்டிலும் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த எழுத்துப் பிழைதான். கட்டுவித்தவர் பெயர் கல்லில் நிற்க, கட்டியவர் பெயர் காற்றில் போய்விடுவதுதான் எல்லா நாட்டுக் கட்டடங்களிலும் நாம் பார்க்கிறது. இங்கே முதலாளி "நான் செய்தேன்" என்று எழுதிய அதே இடத்தில், தச்சனும் "நான்தாங்க செய்தேன்" என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கண்ணாடி பற்றியும் சொல்லணும். ஈயப் பட்டைக்குள் கோத்த சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள், சதுரம், வட்டம், முக்கோணம், சாய்சதுரம் என்று வீடு முழுக்க 30,000-க்கும் மேல். கண்ணாடி ரொம்ப விலை விற்ற காலம் அது. வெளிச்சுவரில் நாலிதழ்ப் பூ போலவும் மீன் முள் போலவும் செதுக்கி அடுக்கிய சட்டங்களில் பல, பாரம் தாங்குவதற்காக வைத்தவை அல்ல. எங்கிட்ட இவ்வளவு ஓக் இருக்கு, இவ்வளவு கண்ணாடி இருக்கு என்று போகிறவர் வருகிறவருக்குக் காட்டுவதற்குத்தான்.

இந்தக் காட்டும் ஆசைதான் கடைசியில் கோணலுக்கும் காரணம்.

1560-62 வாக்கில் தெற்குப் பகுதி கட்டப்பட்டது. பாலத்தைத் தாண்டி உள்ளே வரும் வாசல் கட்டு இதுதான். எலிசபெத் காலத்தில் பெரிய மனிதர் வீடு என்றால் ஒரு லாங் கேலரி இருக்கணும். நீளமான ஓர் அறை. மழைநாளில் உள்ளேயே நடை பழக, விளையாட, வந்தவர்களுக்குக் காட்ட. மோர்ட்டன்களுக்கும் ஆசை வந்திருக்கிறது. ஆனால் வந்த நேரம் சரியில்லை. தெற்குப் பகுதியின் வேலை தொடங்கிய பிறகுதான் அதன் தலையில் 68 அடி நீளத்துக்கு இந்தக் கேலரியை ஏற்றும் யோசனை வந்தது போலத் தெரிகிறது. இரண்டு மாடிக்கு என்று போட்ட சட்டகத்தின் மேல் மூன்றாவது மாடி. அடுக்குமாடி அனுமதி விவகாரங்களை நாளிதழில் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது ;-)

இப்போ அம்புக்குறிகளைப் போடுவோம். கேலரியின் கூரை சொரசொரப்பான மணற்கல் பலகைகளால் ஆனது. வைக்கோலும் அல்ல, மெல்லிய ஓடும் அல்ல, கல். சரிவுக் கூரையின் மேல் பாரம் ஏற்றினால் அது கீழே மட்டும் அழுத்தாது. கைமரங்களின் பாதங்களை இரண்டு பக்கமும் வெளியே தள்ளும். ஏணியை விரித்து நிறுத்தி மேலே ஏறினால் கால்கள் விலகப் பார்க்குமே, அதேதான். ஏணியில் அதைத் தடுக்க நடுவில் ஒரு கயிறோ கம்பியோ இருக்கும். கூரையில் அந்த வேலையைச் செய்வது விட்டம். ஆனால் கேலரியில் தலைக்கு மேல் விட்டம் விட்டமாக ஓடினால் அழகு கெட்டுவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ, வில் போல வளைந்த முட்டுச் சட்டங்களை வைத்து மேலே திறந்த கூரையாக விட்டுவிட்டார்கள். பக்கச் சுவராவது பலமாக இருந்ததா என்றால், அங்கே முழுக்க சன்னல். நடுவில் குறுக்குச் சுவரும் கிடையாது, இருந்தால் அது நீள அறையாக இருக்காதே.

ஆக, மேலே கல், நடுவே கண்ணாடி, கீழே இதற்காகக் கணக்குப் போடாத சட்டகம், அது நிற்பதோ பச்சை ஓக்கில். வீடு கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது, தொய்ந்தது, நெளிந்தது. கூரை வெடித்துப் பிரிந்துவிடாமல் இருக்க வில்சட்டங்களுக்கு நடுவே குறுக்கு விட்டங்கள் போட்டிருக்கிறார்கள்; அது 17ஆம் நூற்றாண்டில் நடந்திருக்கலாம் என்கிறார்கள். அதாவது, கேலரி எழும்பிச் சில தலைமுறை முடிவதற்குள்ளேயே வீட்டில் யாருக்கோ தூக்கம் போயிருக்கிறது. அந்தக் குறுக்கு விட்டங்களைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அழகுக்காக விட்டுவிட்டதை அவசரத்துக்காகச் சேர்த்தது.

கேலரியின் இரண்டு கோடியிலும், கூரை முக்கோணத்துக்குள், சுண்ணச் சிற்பம் இருக்கிறது. ஒரு கோடியில் அதிர்ஷ்ட தேவதை, கையில் சக்கரத்தோடு; அவளை ஆள்வது அறியாமை. மறு கோடியில் விதி. அவளை ஆள்வது அறிவு. படம் இவர்கள் கற்பனை இல்லை, ராபர்ட் ரெக்கார்டு 1556-ல் வெளியிட்ட வானியல் நூலிலிருந்து எடுத்தது. ரெக்கார்டு யார் தெரியுமா? கணக்கில் நாம் போடுகிற இரட்டைக் கோட்டுச் சமக்குறியை 1557-ல் அச்சில் கொண்டுவந்த வேல்ஸ்காரர். அடுத்த வருஷமே கடன் கட்ட முடியாமல் சிறையில் செத்துப்போனார். அவர் படத்தைப் பார்த்துச் செய்த கொத்தனாருக்கும் எழுத்து வரவில்லை. கோளம் என்று வரவேண்டிய வார்த்தை, ஈட்டி என்று படிக்கிற மாதிரி விழுந்திருக்கிறது. அறிவைப் புகழ்கிற வாசகத்தில் எழுத்துப் பிழை!

அதே கேலரியின் சுவர்ப்பலகைக்குப் பின்னால் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த டென்னிஸ் பந்துகள் நான்கு கிடைத்தன. யாரோ பிள்ளைகள் மழைக்கு உள்ளே ஆடி, பந்து இடுக்கில் விழுந்து, எடுக்க முடியாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சிற்பம், செதுக்கல் எல்லாவற்றையும் விட இந்த நான்கு பந்துகள்தான் அங்கே ஆட்கள் வாழ்ந்தார்கள் என்று எனக்கு நம்ப வைத்தவை.

1610 வாக்கில் ஒரு சின்ன சமையல் கட்டும் பீர் வடிக்கும் அறையும் சேர்ந்தன. பெரிய அளவில் அதுதான் கடைசி. அதற்குப் பிறகு மோர்ட்டன்கள் அந்த வீட்டில் பெரிதாக எதையும் கட்டவில்லை.

ஏனென்றால் 1642-ல் உள்நாட்டுப் போர் வந்தது. மன்னர் முதலாம் சார்லஸ் ஒரு பக்கம், பாராளுமன்றம் மறு பக்கம். மோர்ட்டன்கள் மன்னர் கட்சி. அக்கம் பக்கமோ பாராளுமன்றக் கட்சி. 1643-ல் வீட்டைப் பறித்து அதில் பாராளுமன்றச் சிப்பாய்களைத் தங்க வைத்தார்கள். முறையிட்டு மன்றாடி வீட்டைத் திரும்ப வாங்கிவிட்டார்கள், ஆனால் கையில் காசு மிஞ்சவில்லை. முழு எஸ்டேட்டையும் விற்றுவிடப் பார்த்தார்கள். துண்டு துண்டாகச் சில நிலங்கள்தான் விலை போயின. 1654-ல் அப்போதைய வில்லியம் மோர்ட்டன் இறந்தபோது கடன் 3,000-லிருந்து 4,000 பவுண்டு வரை. அந்தக் காலத்துக்கு அது தலைமுறையை முழுங்கும் தொகை. வாரிசுகள் மிச்சத்தையும் மறு அடமானம் வைத்தார்கள். 1670-களின் கடைசியில் குடும்பமே அந்த வீட்டில் இல்லை. குத்தகை விவசாயிகளுக்கு வாடகைக்கு விட்டாச்சு. பிளேக்கில் மலிவாக வந்த நிலம், போரில் மலிவாகப் போனது.

இங்கேதான் வீட்டின் அதிர்ஷ்டம் தொடங்குகிறது. பக்கத்திலேயே, அதே செஷயரில், ஆட்லிங்டன் ஹால் என்று ஒன்று இருக்கிறது. அதுவும் கிட்டத்தட்ட இதே காலத்து மரவீடுதான். ஆனால் அந்தக் குடும்பத்திடம் பணம் நின்றது. 18ஆம் நூற்றாண்டு வந்ததும் மரவீடு என்றால் பட்டிக்காடு, செங்கல்லும் கிரேக்கத் தூண்களும்தான் நாகரிகம் என்று ஆனது. அவர்கள் செங்கல்லில் புதுப் பகுதிகள் எழுப்பி, 1757-ல் தூண் வைத்த முகப்பும் வைத்துக்கொண்டார்கள். பழைய மரவேலை ஒரு பக்கமும் உள்ளே பெரிய கூடமுமாக ஒதுங்கிக்கொண்டது. அழகாகத்தான் இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் மோர்ட்டன்களிடம் நாலு காசு இருந்திருந்தால் அவர்களும் கண்ணை மூடிக்கொண்டு இதையேதான் செய்திருப்பார்கள் என்று பந்தயம் கட்டத் தயார். காசில்லாததால் என்ன நடந்தது? ஓர் அறையில் 16ஆம் நூற்றாண்டுச் சுவரோவியத்தின் மேல் புது நாகரிகப் பலகை அடித்து மூடியதோடு சரி. 1976-ல் அந்தப் பலகைக்குப் பின்னால், பைபிள் கதையில் வரும் சூசன்னாவின் ஓவியம் வெளியே வந்தது. மூடி வைத்தவர்கள் இடித்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

கடன் வீட்டைக் காப்பாற்றியது என்றால் விவசாயிகள் அதைப் பராமரித்தார்கள் என்று அர்த்தமில்லை. அவர்களுக்கு அது வேலைக்குத் தக்க ஒரு பெரிய கொட்டகை. 1847 வாக்கில் பெரும்பாலான அறைகளில் ஆளில்லை, சாமி கும்பிட்ட சிற்றாலயத்தில் நிலக்கரி கொட்டி வைத்திருந்தார்கள், சன்னல்களில் பலகை அடித்திருந்தது, கூரை உளுத்திருந்தது. தானியம் வைத்த பகுதியில், பேய் பிசாசு அண்டாமல் இருக்க 19ஆம் நூற்றாண்டில் சுவருக்குள் ஒளித்த பழைய செருப்புகளும் பூட்ஸுகளும் பின்னாளில் கிடைத்தன. ஏழை குடியிருந்தால் வீடு ஒழுகும், ஆனால் வடிவம் மாறாது. ஓவியர்கள் அதே சமயத்தில்தான் இந்த இடிபாட்டைத் தேடி வந்து வரைய ஆரம்பித்தார்கள்.

அந்த ரசனையிலிருந்து வந்த ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு டூடர் வீடு என்றாலே கறுப்புச் சட்டம், வெள்ளைச் சுவர் என்று பதிந்துவிட்டது. ஆனால் கட்டிய காலத்தில் ஓக் சட்டங்களுக்குச் சாயம் பூசவில்லை. வெயில் மழையில் அது வெள்ளிச் சாம்பலாக வெளுக்கும். நடுவிலிருந்த பூச்சும் பளீர் வெள்ளை அல்ல, காவி கலந்த மஞ்சள். தார்க் கறுப்பும் பால் வெள்ளையும் பெருமளவு விக்டோரியா காலத்து மோகம். செஸ்டர் நகரத்துக் கடைத்தெருவில் சுற்றுலாப் பயணிகள் வாய் பிளந்து பார்க்கும் கறுப்பு வெள்ளைக் கட்டடங்களில் பல, 19ஆம் நூற்றாண்டில் எழுந்தவைதான். அப்புறம் 1920, 30-களில் லண்டன் புறநகர்களில் செங்கல் வீட்டு முகப்பில் கறுப்புப் பலகையை ஆணியடித்து ஒட்டும் பழக்கம் வந்தது. ஹாரோ பக்கம் நம்ம ஆட்கள் குடியிருக்கும் எத்தனையோ வீடுகளின் நெற்றியில் அந்தப் பலகை இருக்கிறது. நுவரெலியா கிராண்ட் ஹோட்டல் முகப்பிலும் இதே வேஷம்தான். அந்தப் பலகைகள் எதையும் தாங்கவில்லை. நாளைக்கே பிடுங்கிப் போட்டாலும் வீடு நிற்கும்.

லிட்டில் மோர்ட்டனுக்குத் திரும்பினால், 1892-ல் அது எலிசபெத் மோர்ட்டன் என்ற கன்னியாஸ்திரியின் கைக்கு வந்தது. தன் சகோதரி இறந்ததால் வந்த சொத்து, கிட்டத்தட்ட பாழடைந்த நிலையில். அவர் முதலில் நிலக்கரியை அள்ளிக் கொட்டிவிட்டுச் சிற்றாலயத்தைச் சரி செய்தார். கேலரியை இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கம்பிகளைப் போட்டதும் அவராக இருக்கலாம் என்கிறார்கள். 1912-ல் உறவினர் சார்லஸ் ஆபிரகாம் என்ற பிஷப்புக்கு வீட்டை எழுதி வைத்தார், ஒரே நிபந்தனையோடு: விற்கக்கூடாது. பிஷப் மக்களுக்குத் திறந்துவிட்டார். நுழைவுக் கட்டணம் 6 பென்ஸ். அதை வசூலித்து, வந்தவர்களுக்குச் சுற்றிக் காட்டியது 1841-லிருந்து அங்கே குத்தகைக்கு இருந்த விவசாயக் குடும்பம். அவர்களின் குடும்பப் பெயர் டேல்! சன்னலில் பிழையோடு பெயர் வெட்டிய தச்சனின் அதே பெயர். இங்கிலாந்தில் அபூர்வமான பெயர் இல்லை, அதனால் நான் உறவு கொண்டாட மாட்டேன். ஆனாலும் படித்தபோது சிரிப்பு வந்தது.

1938-ல் பிஷப்பும் அவர் மகனும் வீட்டை நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்தார்கள். டேல் குடும்பம் 1945 வரை விவசாயம் செய்தது, 1955 வரை காவலுக்கும் இருந்தது. பழைய மேசை நாற்காலிகளில் மூன்றே உருப்படிதான் மிஞ்சின. மற்றதெல்லாம் கடனோடு போயிருக்கும்.

1977-ல் தெற்குப் பகுதியின் கூரைக் கற்கள் பிடிமானம் இழந்திருப்பது தெரிந்தது. ஆறு கட்டமாக மராமத்து தொடங்கினார்கள். வீட்டை நிமிர்த்திவிட்டால் என்ன என்று என் கூடப் படிக்கும் ஒரு நண்பன் கேட்டான். நிமிர்த்தினால் உடையும் என்பதுதான் பதில். ஒவ்வொரு சட்டமும் 400 வருஷமாக அந்தக் கோணலோடு சேர்ந்தே காய்ந்து இறுகியிருக்கிறது. ஒரு மூலையை ஜாக்கி வைத்து இரண்டு அங்குலம் தூக்கினால், எதிர் மூலையில் ரிச்சர்டு டேல் காலத்துக் கழுந்துகள் முறியும். சன்னல் ஈயம் நெளிந்து கண்ணாடி தெறிக்கும். அந்த வீட்டுக்கு இப்போது கோணல்தான் நேர். ஆகவே உளுத்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் புது ஓக்கைப் பழைய ஓக்கோடு பொருத்தி, இருக்கிற வளைவிலேயே பிடித்து நிறுத்துவதுதான் வழி.

கூரையில் இன்றும் அதே மணற்கல்தான். பாரம் ஒரு கிலோவும் குறையவில்லை. கேலரித் தரையில் நடந்தால் கால் ஏற்ற இறக்கமாகப் போகும். தலைக்கு மேலே, யாரோ பயந்துபோய் சேர்த்த அந்தக் குறுக்கு விட்டங்கள் இன்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.